அம்மா, திரும்பவும் போச்சு

தினேஷ்,

நேற்று நீ போனில் ஒரு கேள்வி கேட்டாய். நான் அதற்குப் பதில் சொல்லாமல், ரேவதிக்கு இருமல் குறைந்ததா, கோயம்புத்தூரில் மழை உண்டா என்று பேச்சை மாற்றிவிட்டேன். யாழினி பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் தொடர் ஓட்டம் ஓடும்போது கையிலிருந்த கட்டையை நழுவவிட்டாள், அதனால் அவள் அணி கடைசியாக வந்தது, கூட ஓடிய பெண்கள் அவளோடு பேசுவதில்லை, அன்றிலிருந்து பள்ளிக்கூடம் என்றாலே பிள்ளை வயிறு வலிக்கிறது என்கிறாள் என்று சொன்னாய். "பரவால்ல விடு, அடுத்த வருஷம் ஜெயிக்கலாம்னு சொன்னேம்மா. அவ இன்னும் ஜாஸ்தியா அழறா" என்றாய். லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். அப்புறம் கேட்டாய்: "நான் பிளஸ் டூல ஃபெயிலானப்போ நீயும் நைனாவும் இன்னாம்மா பண்ணீங்க? எப்டி எழுந்தேன்னு எனக்கே தெர்ல."

உன் அப்பா இருந்திருந்தால் போனை அவரிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போயிருப்பேன். அவர் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இப்போது அந்தக் கேள்விக்கு நான் மட்டும்தான் மிச்சம். போனில் பேசினால் அழுதுவிடுவேன், நீ பதறுவாய். அதனால் எழுதுகிறேன். நாங்கள் என்னவோ வழி தெரிந்து வைத்திருந்ததாகவும், அதை உனக்கு எடுத்துச் சொல்லப்போவதாகவும் நினைத்துப் படிக்காதே. எங்களுக்கு ஒன்றும் தெரியாது. என்ன நடந்ததோ அதைச் சொல்கிறேன். அதில் யாழினிக்கு ஆகிறது ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்.

நம் இரண்டு குடும்பத்திலும் பிளஸ் டூ வரை போனது நீதான் முதல் ஆள். என் அப்பா பூந்தமல்லிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர். உன் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினார். நான் அதே எஸ்டேட்டில் துணி கம்பெனியில் சட்டைக்குக் காஜா எடுத்தேன். நீ சயின்ஸ் குரூப் எடுத்தபோது உன் அப்பா ஷெட்டில் ஒருவர் விடாமல் சொன்னார். நீ இன்ஜினியர் ஆகிவிட்டதைப் போலவே பேசினார். ரிசல்ட் அன்று காலையில்கூட, "சாயங்காலம் ஷெட்டுக்கு ஸ்வீட் வாங்கிக்கினு வரேன்னு சொல்லிட்டேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் சைக்கிளை எடுத்தார். அவர் அதைச் சொல்லும்போது நீ பல் விளக்கிக்கொண்டிருந்தாய். கண்ணாடியில் உன் முகத்தைப் பார்த்தேன். அதில் சந்தோஷம் இல்லை. அதை நான் அப்போதே கவனித்தேன், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை.

நான் அன்றைக்கு அரைநாள் பர்மிஷன் போட்டு வீட்டுக்கு வந்தேன். நீ இல்லை. ஸ்டேஷன் ரோட்டில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அந்தக் கடைக்காரத் தம்பி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "அவன் அப்பவே போய்ட்டானேக்கா" என்றான். "இன்னா வந்துது?" என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "மேத்ஸ்ல போயிடுச்சுக்கா" என்றான். எனக்கு மார்க்கெல்லாம் மண்டையில் ஏறவில்லை. "எந்தப் பக்கமா போனான்?" என்றுதான் கேட்டேன். அவன் கையைக் காட்டிய பக்கம் ரயில்வே ஸ்டேஷன்.

அந்த நடையை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஐந்து நிமிஷத் தூரம்தான். காலில் செருப்பு இருந்ததா என்றுகூட இப்போது நினைவில்லை. திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் கடைசி பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்தாய். பள்ளிக்கூடச் சட்டையைத்தான் போட்டிருந்தாய், லீவிலும் உனக்கு அதுதான் நல்ல சட்டை. நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது உனக்குத் தெரியும், ஆனால் திரும்பவில்லை. ஒரு ரயில் வந்து நின்று போனது. அது கிளம்புகிற வரைக்கும் உன் சட்டை நுனியை என் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"வா, ஊட்டுக்குப் போலாம்."

"வர்ல."

"துன்னியாடா எதாவது?"

"வர்லன்றேன்ல. தெருவுல எல்லாரும் நின்னுகினு இருப்பாங்க."

நீ சொன்னது நிஜம். பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள், நான் வரும்போதே பார்த்தேன். உன்னை அந்தத் தெரு வழியாகக் கூட்டிப்போக எனக்கும் தைரியம் இல்லை. அந்தப் பிளாட்பாரத்தில் விட்டுவைக்கவும் மனசு வரவில்லை. கவுன்டரில் போய் நின்றேன், உன்னை விட்டுக் கண்ணை எடுக்காமல். எங்கே போகணும் என்று கேட்டார்கள். வாயில் வந்த பெயரைச் சொன்னேன். வேப்பம்பட்டு. அங்கே நமக்கு யாருமே இல்லை. அதனால்தான் அந்தப் பெயர் வந்ததோ என்னவோ.

ரயிலில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்தாய், நான் கதவுப் பக்கம் உட்கார்ந்தேன். ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் என்று ஒவ்வொன்றாகப் போனது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பெரிய விஷயம் தெரிந்து பேசாமல் இருந்தேன் என்று நினைக்காதே. என்ன சொன்னாலும் தப்பாகப் போய்விடும் என்ற பயம்தான். வேப்பம்பட்டில் இறங்கி, ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு டீக்கடையில் போண்டா வாங்கினேன். நீ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாய். "எல்லாம் படிச்சேம்மா. பேப்பர பாத்ததும் ஒண்ணுமே புரியல. பக்கத்துல எல்லாரும் எழுதிகினே இருந்தாங்க" என்றாய். அப்புறம்தான் அழுகை வந்தது. நடு ரோட்டில், ஆள் போக வர, பெரிய பையன் நீ அழுதாய். கடைக்காரர் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதுவும் கேட்காமல் போனார். "நைனா இன்னா சொல்வாரு?" என்று கேட்டாய். "தெர்லடா" என்றேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் உன்னிடம் உருப்படியாகச் சொன்னது. ஏனென்றால் அது நிஜம்.

வெயில் தாழ்ந்து வீட்டுக்கு வந்தோம். உன் அப்பா முன்னமே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் ஸ்வீட் பெட்டி இல்லை, யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். உன்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "துன்ட்டானா?" என்று என்னைக் கேட்டார். "போண்டா துன்னான்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அடுத்த மூன்று நான்கு நாள் அவர் உன்னிடம் பேசவில்லை. கோபம் என்று நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் காலையில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, நீ படிக்கிற பின்ரூம் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றினார். கழற்றி முடிக்கவும் நீ எழுந்து வந்துவிட்டாய்.

"தாப்பா எங்க நைனா?"

"துரு புட்ச்சிக்கீது. மாத்தணும்."

"பொய் சொல்லாத."

அவர் அப்படியே கதவுப்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததே இல்லை. அவருடைய அம்மா செத்தபோதுகூட அழவில்லை. "ஆமாண்டா, பொய்தான். பேப்பர்ல இன்னான்னமோ போட்டுக்கீறான். பசங்க அப்டி பண்ணிகிச்சு, இப்டி பண்ணிகிச்சுன்னு. நீ உள்ள போய்க் கதவ சாத்திக்கினா எனக்குக் கையி காலெல்லாம் ஆடுது. மார்க்கு கெடக்குது கழுத. நீ இல்லன்னா நான் இன்னாடா பண்ணுவேன்?"

நீ அவர் எதிரே குந்தினாய். "நான் அப்டிலாம் எதுவும் பண்ண மாட்டேன் நைனா."

"சத்தியமா?"

"சத்தியமா."

"செரி." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "ஆனாலும் தாப்பா கொஞ்ச நாளு வாணாம்."

உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரிசல்ட் வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தாய். அந்தக் கதவு அப்புறம் நாம் அந்த வீட்டைக் காலி செய்கிற வரைக்கும் தாழ்ப்பாள் இல்லாமலேயே இருந்தது. அவர் பேசாமல் இருந்த நாளெல்லாம் உன்மேல் கோபமாக இல்லை, பயத்தில் வாய் அடைத்துப்போய் இருந்திருக்கிறார் என்று உனக்கும் எனக்கும் ஒரே நேரத்தில்தான் தெரிந்தது.

என் பங்கு வேறு மாதிரி. எனக்குப் பயத்தைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம், மேத்ஸ் பரீட்சை அன்று உனக்குக் கடுமையான காய்ச்சல் என்று சொல்லி வைத்தேன். கம்பெனியில் சொன்னேன், தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சொன்னேன். உனக்காகத்தான் சொல்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன். ஒருநாள் வாசலில் மல்லிகா அக்காவிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன், நூற்று மூன்று, நூற்று நான்கு என்று காய்ச்சலைக்கூட ஏற்றிக்கொண்டே போனேன். நீ உள்ளே இருந்து வந்து என் பின்னால் நின்றாய்.

"இல்லக்கா. காய்ச்சலாம் ஒண்ணும் இல்ல. நல்லாதான் இருந்தேன். நான் ஃபெயிலு" என்றாய்.

எனக்கு உன்னை அடிக்கலாம் போல இருந்தது. "அதுக்கின்னாடா, எங்க அண்ணன் பையன் ரெண்டு தபா எழுதுனான்" என்று மல்லிகா அக்கா ஏதோ சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. அவள் போன பிறகு நீ என்னைப் பார்த்துச் சொன்னாய்: "நீ காய்ச்சல்னு சொல்லும்போதுலாம் நான் ரொம்பக் கேவலமா எதையோ பண்ணிட்ட மாதிரி கீதும்மா." உனக்குப் பதினேழு வயசு. ஃபெயில் என்ற வார்த்தையை வாசலில் நின்று நீயே சொன்னபோது உன் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. நீ எப்படி எழுந்தாய் என்று கேட்டாயே, எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான் எழுந்தாய். நாங்கள் தூக்கிவிடவில்லை. அதற்கப்புறம் நான் யாரிடமும் காய்ச்சல் கதை சொல்லவில்லை.

இதை எழுதும்போதே யாழினி நினைவு வருகிறது. நீ அவளிடம் பரவாயில்லை என்று சொன்னது தப்பில்லை, எந்த அப்பனும் அதைத்தான் சொல்வான். ஆனால் அவளால் அதைப் பரவாயில்லை என்று விட முடியவில்லையே. அவளைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம். கூட ஓடிய பிள்ளைகள் பேசவில்லை என்பது எட்டு வயசில் சின்ன வேதனையா? அவள் வாயால் அவளே சொல்லட்டும், எப்படி நழுவியது, யார் என்ன சொன்னார்கள் என்று. நீ நடுவில் புகுந்து சரிசெய்யாமல் கேட்டுக்கொண்டிரு. உன்னால் முடியாது, எனக்குத் தெரியும். உன் அப்பாவாலும் முடிந்ததில்லை, என்னாலும் முடிந்ததில்லை. இருந்தாலும் முயற்சி செய்து பார்.

ஜூலையில் மறுபடி எழுதினாய். இந்த முறை யாருக்கும் சொல்லவில்லை. டியூஷன் போனாய், கணக்கை நோட்டு நோட்டாகப் போட்டாய். பாஸாகிவிடுவாய் என்றுதான் மூன்று பேருமே இருந்தோம். ரிசல்ட் வந்த அன்று எனக்குப் பர்மிஷன் கிடைக்கவில்லை. மிஷினில் உட்கார்ந்து நான் காஜா எடுத்த சட்டையெல்லாம் கோணலாகப் போனது, சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன். சாயங்காலம் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தால் நீ இல்லை. மறுபடி ஸ்டேஷன் பக்கம் போகலாம் என்று செருப்பைத் தேடும்போது நீ தெருமுனையில் வருவது தெரிந்தது. மெதுவாக நடந்து வந்தாய். வழியில் யாரோ கூப்பிட்டார்கள், நின்று பதில் சொல்லிவிட்டு வந்தாய். வாசலில் செருப்பைக் கழற்றினாய்.

"அம்மா, திரும்பவும் போச்சு" என்றாய். "பசிக்குது. சோறு போடு."

நான் சோறு போட்டேன். முருங்கைக்காய் சாம்பார். நீ தலையைத் தூக்காமல் சாப்பிட்டாய், கண்ணீர் தட்டில் விழுந்துகொண்டே இருந்தது, ஆனாலும் சாப்பிட்டாய். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். தினேஷ், நீ பாஸான நாளைவிட எனக்கு இந்த நாள்தான் பெரிதாகத் தெரிகிறது. முதல் தடவை தோற்றபோது வீட்டுக்கு வரப் பயந்து பிளாட்பாரத்தில் உட்கார்ந்தாய். இரண்டாவது தடவை நேராக வீட்டுக்கு வந்தாய். நடுவில் நாங்கள் இரண்டு பேரும் எத்தனையோ தப்பும் தவறுமாகச் செய்திருக்கிறோம். ஆனால் ஏதோ ஒன்று சரியாக நடந்திருக்கிறது. அது எதுவென்று இன்றைக்கு வரைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதற்கப்புறம் நீ படிப்பைப் பற்றிப் பேசவே இல்லை. எஸ்டேட்டில் அட்டைப்பெட்டி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாய். மார்ச்சில் மறுபடி எழுதச் சொல்லு, எழுதச் சொல்லு என்று நான் உன் அப்பாவை நச்சரித்தேன். "அவன ஒண்ணும் கேக்காத. அவனுக்கா தோணட்டும்" என்று அடக்கிவிட்டார். எனக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. சண்டைகூடப் போட்டேன். மழைக்காலம் முழுக்க நீ வேலைக்குப் போனாய், வந்தாய், டிவி பார்த்தாய். அப்புறம் ஒருநாள் உங்கள் கம்பெனியில் சரக்கு லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது என்றும், ரிப்பேர் பார்க்க வந்தவர் கூடவே அன்றைக்கெல்லாம் நின்று பார்த்ததாகவும் சாப்பிடும்போது சொன்னாய். எந்த ஒயர் எங்கே போகிறது, கயிறு எப்படி இழுக்கிறது என்று சோற்றில் விரலால் கோடு போட்டுக் காட்டினாய். பல மாதம் கழித்து நீ அவ்வளவு பேசி நாங்கள் கேட்டோம். "பிளஸ் டூ பாஸ் பண்ணா டிப்ளமால நேரா ரெண்டாவது வருஷமாம். அந்த அண்ணன் சொன்னாரு" என்றாய். உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் உன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன். நீயே கேட்டாய்: "மார்ச்ல எழுதட்டா?"

ஆக, மறுபடி எழுதும் தைரியத்தை நாங்கள் கொடுக்கவில்லை. உனக்கு ஒன்று வேண்டியிருந்தது, அதற்குக் கணக்கு குறுக்கே நின்றது, அதனால் எழுதினாய். பாஸ் மார்க்கைத் தாண்டி ஒரு சில மார்க்தான் வந்தது, அதுவே போதுமாக இருந்தது. உன் அப்பா ஆசைப்பட்ட மாதிரி நீ இன்ஜினியர் ஆகவில்லை. லிஃப்ட் வேலைக்குப் போனாய், கோயம்புத்தூருக்குப் போனாய், ரேவதியோடு கல்யாணம் ஆனது, யாழினி பிறந்தாள். மிச்சமெல்லாம் உனக்கே தெரியும்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. மூன்றாவது தடவை எழுதும்போது உனக்குப் பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சென்டர் போட்டிருந்தார்கள். "யாரும் என்கூட வரக்கூடாது. நானே போய் நானே வரேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாய். சரி என்று தலையாட்டினோம். உன் அப்பா வழக்கம்போல் சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். நானும் கம்பெனிக்குப் போனேன். போனேனே தவிர, மிஷினில் உட்கார முடியவில்லை. வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் பூந்தமல்லி பஸ் ஏறினேன். தூரத்திலிருந்து ஒருமுறை உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். கையில் நம் வீட்டுக் கேரியர்.

"நீ இன்னாம்மே இங்க?" என்றார்.

"நீ இன்னா இங்க? வேலைக்குப் போவல?"

"லீவு சொல்லிட்டேன்."

"அவன்தான் யாரும் வரக்கூடாதுன்னானே."

"அதான் வண்டிக்குப் பின்னாடி நிக்கிறேன்."

காலையில் நீ உள்ளே போனதிலிருந்து அங்கேயே நின்றிருக்கிறார். சட்டையெல்லாம் வேர்வையில் ஊறியிருந்தது. எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. "நீ இங்க நின்னா அவன் பாஸாயிடுவானா?" என்று கேட்டேன்.

"நல்லா எழுதுனான்னா அவனே ஊட்டுக்கு வந்துடுவான், நான் எதுக்கு? எழுத முடியாம நடுவுல எழுந்து வந்துட்டான்னா? தனியா எங்க போவான்?" என்றார். கேட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நானும் பக்கத்தில் நின்றேன். மணி அடித்து, கூட்டமாகப் பிள்ளைகள் வந்தார்கள். நீ கடைசியாக வந்தாய். உன் முகத்தைப் பார்த்து நன்றாக எழுதினாயா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. குழாயில் தண்ணீர் குடித்தாய். சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைத்தாய். யாரோ ஒரு பையனிடம் கேள்வித்தாளைக் காட்டி ஏதோ கேட்டாய், அவன் உதட்டைப் பிதுக்கினான், நீ கேள்வித்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாய். உன் அப்பா ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"போலாமா?" என்றேன்.

"இரு. பஸ் ஏறட்டும்."

பஸ் வந்தது. நீ படியேறி உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தது தெரிந்தது. பஸ் கிளம்பியது. உன் அப்பா வண்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, ரோட்டோரம் நின்று, கையைத் தூக்கி ஆட்டினார். நீ வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அம்மா